ஏற்றினால் இறக்க மாட்டோம்

என் முதுகில் போட்ட ஓட்டை ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். எங்கள் வீட்டில் நடந்த அத்தனை ரகளைக்கும் அந்தப் பொத்தான் அளவுதான் காரணம்.

ஆபரேஷன் என்றால் முதுகில் ரயில் தண்டவாளம் மாதிரித் தையல் ஓடவேண்டும், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கவேண்டும், பார்க்க வருகிறவர்கள் உச்சுக்கொட்ட வேண்டும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. நானோ போன மறுநாளே என் காலால் நடந்து வாசற்படி ஏறி வந்துவிட்டேன். என்னைப் பார்த்துக்கொள்வதற்கென்று பெட்டி படுக்கையோடு வந்திறங்கியிருந்த அத்தை என்னை அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பிளாஸ்திரி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அப்புறம் வெளியே காத்திருந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகலை. அதான் சொல்றேன். கொசு கடிச்ச மாதிரி இருக்கு."

"அத்தை, டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திட்டு இருந்துச்சு. அந்த ஓட்டை வழியா குழாய் விட்டு, கேமரா விட்டு, பிதுங்கினதை மட்டும் கிள்ளி எடுத்திருக்காங்க. பெரிசா அறுக்காம செய்யறதுதான் இப்ப வித்தை."

"கேமராவா? முதுகுக்குள்ளயா? அப்ப படம் எங்க?"

படத்தையும் காட்டினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஏதோ. அத்தை அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது உன்னுதுதான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டாள்.

எங்கள் தொழில் வீடு மாற்றுவது. எங்கள் வீட்டை அல்ல, ஊரார் வீட்டை. அப்பா சின்ன வயதில் அலமாரியை முதுகில் கட்டி மாடி ஏற்றியவர். இப்போது சொந்தமாக ஒரு லாரியும் ஒரு வேனும் இருக்கின்றன. லாரியை அண்ணன் ஓட்டுகிறான். அம்மா கண்ணாடி, பீங்கான் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். அவள் அடுக்கிய பெட்டியில் ஒரு தம்ளர் உடைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஏற்ற இறக்க 'பீரோ' இருக்கிறார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. இரும்பு பீரோவைத் தனி ஆளாகத் தூக்குவதால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இவர்களில் யாருக்கும் முதுகு போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பில் போட்ட எனக்குப் போனது. இது எங்கள் வீட்டில் தீராத நகைச்சுவை.

"பீரோவைத் தூக்கினவன் நேரா நிக்கிறான். பேனாவைத் தூக்கினவ வளைஞ்சு போயிட்டா" என்பார் அப்பா. பேனாவைக்கூட நான் தூக்கவில்லை, கம்ப்யூட்டரில்தான் பில் என்று சொன்னால், "அது இன்னும் மோசம், ஒண்ணுமே தூக்காம போயிருக்கு" என்பார்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர்கள் நிறைய உண்டு. பெஞ்சு இறக்கப் போனவர்கள். படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். வேதியியல் படித்தேன். கிடைத்தது மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் பில் போடும் வேலை. மருந்தும் வேதியியல்தானே என்று முதல் நாள் மேனேஜர் சிரித்தான். அவன் சிரிப்பையும், ஒரு பக்கம் சாய்ந்த அந்த நாற்காலியையும் இரண்டு வருஷம் தாங்கினேன். வலி இடுப்பில் கிளம்பிப் பின்தொடை வழியாகக் கால் கட்டைவிரல் வரை மின்சாரம் மாதிரி ஓடும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். நாற்காலியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டபோது மேனேஜர், "இந்த வயசுல முதுகு வலியா? கல்யாணம் பண்ணினா சரியாயிடும்" என்றான். நாற்காலிக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில் அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. நாற்காலி மட்டும் வரவில்லை.

மாத்திரை, பெல்ட், பயிற்சி, சூடு, குளிர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில்தான் இந்தப் பொத்தான் ஓட்டை. அதற்குள்ளே எனக்கு வேறொரு காரியம் கைகூடியிருந்தது. பெருநகரத்தில், குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. நான் படித்த படிப்புக்கான வேலை. அதைவிட முக்கியம், நின்று நடந்து செய்கிற வேலை. அடுத்த மாதம் முதல் தேதி சேரவேண்டும். தங்குவதற்குத் தரைத்தளத்தில் ஓர் அறைகூடப் பேசி வைத்துவிட்டேன்.

"முதல்ல முதுகைச் சரி பண்ணு. அப்புறம் பேசலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் சரி பண்ணிக்கொண்டு வந்து நின்றேன். அப்பா பேசவில்லை. ஓட்டையைப் பற்றி மட்டும் பேசினார்.

"ஓட்டை சின்னது. அப்ப ரிப்பேரும் சின்னதுதான். இதை நம்பி உன்னைத் தனியா அனுப்ப முடியாது."

"கால் வலி அன்னிக்கே போயிடுச்சுப்பா. ரெண்டு வருஷ வலி, ஆபரேஷன் மேசையிலயே காணோம்."

"காணாமப் போனது திரும்பி வராதுன்னு என்ன நிச்சயம்?"

நிச்சயம் கேட்பது பரம்பரை வியாதி போலிருக்கிறது. இதற்கு ஆபரேஷன் இல்லை.

பகலில் நான் படுத்திருந்தால், "இந்தக் கொசுக்கடிக்கா படுத்திருக்க?" என்பார்கள். கிளம்புகிறேன் என்றால், "இந்தக் கொசுக்கடியில என்ன சரியாயிருக்கும்?" என்பார்கள். ஒரே ஓட்டை. அதை வைத்துக்கொண்டு என்னைப் படுக்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. மாதத்துக்கு எட்டு வீட்டைப் பெயர்த்து எங்கள் லாரி அதே பெருநகரத்தில் கொண்டுபோய் வைக்கிறது. கண்டவர் வீட்டு ஆட்டுக்கல்லெல்லாம் போய்ச் சேர்ந்த ஊருக்கு நான் மட்டும் போகக்கூடாது.

என் அறை மாடியில். கொஞ்ச நாளைக்குப் படியேற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் என் கட்டிலைக் கீழே ஹாலுக்குக் கொண்டு வந்தார்கள். கட்டிலோடு மேசை, புத்தகப் பெட்டி, துணி அலமாரி, நிலைக்கண்ணாடி எல்லாமும் இறங்கின. எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கை அரிப்பு. ஒரு சாமானைத் தொட்டால் அறையைக் காலி செய்யாமல் விடமாட்டார்கள்.

எங்கள் ஹால் பாதி வீடு, பாதி கிடங்கு. வாடிக்கையாளரின் சாமான் இடையில் தங்கவேண்டி வந்தால் அங்கேதான் அடுக்குவோம். அப்போது ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரின் குடும்பச் சாமான் முழுக்க அங்கே நின்றது. பெருநகரத்தில் மகனோடு இருக்கப் போகிறார்; மகனின் புது வீட்டுக்கு வண்ணம் அடித்துக் காயும்வரை சாமான் எங்கள் பொறுப்பு. ஆக, வாத்தியாரின் வாஷிங் மெஷினுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நான் படுத்திருந்தேன். இரண்டு மெஷின்களும் துணி போர்த்தி நிம்மதியாக இருந்தன. அவற்றை யாரும் வந்து விசாரிக்கவில்லை.

பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். குனியாதே, தூக்காதே, இடுப்பைத் திருகாதே, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காராதே, நட. படுக்கையிலிருந்து எழும்போது மரக்கட்டை மாதிரி உடம்பு மொத்தமும் ஒரு பக்கம் உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. இதையெல்லாம் அவர் சொல்லும்போது குடும்பமே சுற்றி நின்று பார்த்தது.

"இதைத்தானே நாங்க கம்பளத்துக்குப் பண்றோம்" என்றார் பீரோ.

"கம்பளம் பேசாது" என்றார் அப்பா.

அன்றிலிருந்து நான் எழுந்தால் போதும், ஹாலில் எங்கிருந்தாவது கட்டளை வரும். "மெதுவா உருட்டு. தலைப் பக்கம் பாரு. கால் வருது, கால் வருது, விடு." ஒரு நாள் நான் சமையலறைக்குப் போகக் கிளம்பியபோது அப்பா மறித்தார். "ஃபிரிட்ஜை இடம் மாத்தினா உடனே சுவிட்ச் போடக்கூடாது. உள்ள இருக்கறது அடங்கணும். கொஞ்சம் நில்லு."

"நான் ஃபிரிட்ஜ் இல்லப்பா."

"ஃபிரிட்ஜுக்காவது ரெண்டு வருஷம் வாரண்டி குடுக்கறான்."

இங்கே எங்கள் ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தொழிலில் எழுத்து கிடையாது, நிறம்தான். மூன்று நிற ரோல்கள். சிவப்பு ஒட்டினால் உடையும் பொருள்; அதை ஒருத்தர் தனியாகத் தொடக்கூடாது. மஞ்சள் ஒட்டினால் லாரியில் ஏறாது. வீட்டுக்காரர் விட்டுப்போகிற சாமான். பச்சை ஒட்டினால் ஏறும். அவ்வளவுதான். பச்சை ஒட்டிய பொருளைப் பற்றி ஆட்கள் கேள்வி கேட்கக்கூடாது. ஒரு தடவை வாடிக்கையாளரின் குழந்தை விளையாட்டாகத் தெருநாய் மேல் பச்சை ஒட்டிவிட, பீரோ அதையும் தூக்கி லாரியில் வைத்தார். எந்தப் பொருளில் எந்த நிறம் என்பதை அப்பா மட்டும்தான் முடிவு செய்வார். அது அவருக்குக் கையெழுத்து மாதிரி.

லாரியின் பின்பக்கம் அப்பா பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'ஏற்றினால் வழியில் இறக்க மாட்டோம்.' மற்ற லாரிக்காரர்கள் பாதி வழியில் சாமானை இறக்கி வேறு லாரிக்கு மாற்றுவார்களாம். சேதம் அதில்தான் வருமாம். அப்பா அந்த வேலையைச் செய்ததே இல்லை. மழையில் நின்றிருக்கிறார், சக்கரம் கழன்று நின்றிருக்கிறார், இறக்கியது இல்லை.

வம்பு வாத்தியாரால் வந்தது. ஒரு மத்தியானம் தன் சாமானைப் பார்க்க வந்தவர், நான் போர்வைக்குள் கிடப்பது தெரியாமல் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் அலறினேன். அவரும் அலறினார்.

"மன்னிச்சுக்கம்மா. எங்க கட்டில்னு நெனச்சுட்டேன்."

"உங்க கட்டில்ல ஆள் எப்படி சார் வரும்?"

"அதான் நானும் பயந்துட்டேன்" என்றார் வாத்தியார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் அவளும் நானும் ஒரே அச்சு. "வர்றவன் போறவன் எல்லாம் உக்கார இது என்ன பஸ் ஸ்டாண்டா? நாளைக்கு முதல் வேலையா இவ சாமான் எல்லாத்துலயும் ஏதாவது அடையாளம் ஒட்டறேன். இது வேற, அது வேறன்னு தெரியணும்" என்றாள். அம்மா தம்ளர் சுற்றிக்கொண்டே தலையாட்டினாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். இந்த வேலை விஷயத்தில் ஒரு வார்த்தைகூட, போ என்றோ போகாதே என்றோ, அவள் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அதுதான் எல்லோரையும்விட அதிக ஆத்திரம்.

மறுநாள் காலை டாக்டரிடம் மறுபரிசோதனை. வேனில் மெத்தை போட்டு என்னைப் படுக்க வைத்து அப்பா ஓட்டிப்போனார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர் ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றதைப் பார்த்தேன்.

"என்னப்பா?"

"சீட்டு சரியில்லை."

டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை அழுத்தச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போட்டிருந்தா வேலை சுத்தமா முடிஞ்சிருக்குமோ?"

எனக்குத் தரைக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. டாக்டர் கோபப்படவில்லை.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"வீடு மாத்தறோம்."

"ஒரு வீட்ல இருந்து பீரோவை எப்படி எடுப்பீங்க? சுவரை இடிச்சா?"

"ஐயையோ. வாசல் வழியாத்தான். சாய்ச்சு, திருப்பி, வாசல் வழியா எடுக்கறதுதான் கெட்டிக்காரத்தனம். சுவரை இடிக்கிறவன் என்ன தொழில்காரன்?"

"நானும் வாசல் வழியாத்தான் எடுத்தேன்" என்றார் டாக்டர்.

அப்பா அதன்பிறகு ஓட்டையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதல் தேதி வேலையில் சேரலாமா என்று நான் கேட்டேன். நிற்பதும் நடப்பதும் நல்லதுதான், நடுநடுவே உட்கார்ந்துகொள், பயணத்தில் படுத்துக்கொண்டு போ, அடிக்கடி இறங்கி நட, இன்னும் சில வாரம் கனம் எதையும் தூக்காதே என்றார். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. திரும்பி வரும் வழியில் மெத்தையில் படுத்தபடியே கேட்டேன்.

"அப்ப நான் போகலாம்தானே?"

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "தூக்காதேன்னு சொன்னாரே, கேட்டியா?"

"கேட்டேன்."

"அங்க ஒரு வாளித் தண்ணி தூக்கணும்னா யாரு தூக்குவா? கடையில இருந்து ஒரு பை தூக்கணும்னா? கீழ விழுந்த சாவியை யாரு குனிஞ்சு எடுப்பா? நம்ம வீட்ல தூக்கறதுக்குன்னே ஆள் வெச்சிருக்கோம். தூக்க ஆளில்லாத ஊருக்கு, தூக்கக்கூடாதவ போறாளாம்."

ஓட்டை, ரிப்பேர், நிச்சயம் எல்லாம் சும்மா, பயம் இங்கேதான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. "அதுக்காக ஆயுசு முழுக்க என்னை நீங்களே தூக்கிட்டு இருப்பீங்களா?" என்று கேட்டேன். "இருப்பேன்" என்றார் அப்பா. ஒரே வார்த்தை. இந்த மனிதரோடு சண்டை போடுவதே கஷ்டம்.

"நான் இருக்கற வரைக்கும் உன் சாமான்ல ஒரு துரும்புகூட அந்த வாசலைத் தாண்டாது" என்று அதற்கு மேல் ஒரு முத்தாய்ப்பும் வைத்தார்.

வீட்டுக்கு வந்து வாசலைத் தாண்டினோம். ஹால் காலியாக இருந்தது.

வாத்தியாரின் சாமான் போகவேண்டிய நாள் அது. சொல்லியிருந்ததைவிட முன்னாடியே அண்ணனும் பீரோவும் வந்து ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அது சரி. என் கட்டிலும் இல்லை. மேசை இல்லை, புத்தகப் பெட்டி இல்லை, அலமாரி இல்லை, நிலைக்கண்ணாடி இல்லை. என் செருப்பு ஜோடி ஒன்று இருந்த இடத்தில் தூசியில் செருப்பு வடிவம் மட்டும் இருந்தது. ஹாலுக்கு நடுவில், குளித்துவிட்டுத் தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்காமல் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"குளிக்கத்தான் போனேன் அண்ணா. வந்து பாத்தா கட்டிலைக் காணோம்."

அத்தை குளிக்கப் போனால் மேல்தொட்டி வற்றாமல் வெளியே வரமாட்டாள். அந்த நேரத்தில் ஹாலை என்ன, தெருவையே ஏற்றிவிடலாம்.

அப்பா அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டேய், உன் தங்கச்சி சாமான் எங்கடா?"

"லாரியிலதான்பா. பத்திரமா இருக்கு."

"யாருடா ஏத்தச் சொன்னது?"

"பச்சை ஒட்டியிருந்துச்சேப்பா." அண்ணன் குரலில் அப்படியொரு சந்தோஷம். "கட்டில்ல, மேசையில, செருப்புலகூட. நீங்க மனசு மாறிட்டீங்கன்னு நெனச்சேன். லாரியும் அங்கதான் போகுது. அப்பா சரின்னுட்டாரு, நேர்ல சொல்லக் கூச்சப்பட்டு ஸ்டிக்கர்ல சொல்லிட்டாருன்னு பீரோ அண்ணன்கிட்டகூடச் சொன்னேன். அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

பின்னாலிருந்து பீரோவின் குரல் வந்தது. "ரொம்ப நல்ல காரியம் முதலாளி!"

அப்பாவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பாதி வழி தாண்டியாச்சு. கட்டில் அடியில இருக்கு. அதுக்கு மேல வாத்தியார் வீட்டுச் சாமான் மொத்தமும். வேணும்னா ஓரமா நிறுத்தி எல்லாத்தையும் இறக்கி..."

"இறக்காதே!"

அது அப்பா யோசித்துச் சொன்னதில்லை. சூடு பட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளும் அல்லவா, அப்படி வந்தது. "வழியில இறக்கற பழக்கம் நமக்குக் கிடையாது. ஏத்தினது ஏத்தினதுதான். போய்ச் சேர்ற இடத்துல சேர்த்துடு."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"சரிப்பா. எந்த இடத்துல சேர்க்க?" என்றான் அண்ணன்.

நான் போனுக்கு அருகில் போய் நின்றேன். குனியாமல், திருகாமல், நேராக. அறையின் விலாசத்தைச் சொன்னேன். தெரு, வாசலில் இருக்கும் தையல் கடை, தரைத்தளம், பச்சைக் கதவு. சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை. போனை வைக்கப் போகையில் அப்பா குறுக்கே பேசினார்.

"டேய். கட்டிலைச் சுவர் ஓரமா ஒட்டிப் போடாதே. அவ உருண்டு எழுந்திருக்கணும். ரெண்டு பக்கமும் எடம் விடு."

போனை வைத்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார். அங்கே காட்ட முடியாத கோபம் மொத்தமும் இங்கே வந்தது.

"உனக்கு ஒட்டறதுக்கு வேற கலரே கிடைக்கலையா?"

"எனக்கென்ன தெரியும் உங்க கலர் சாஸ்திரம்? அண்ணிதான் இந்த ரோலை எடுத்துக் குடுத்தாங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் தீந்து போச்சு" என்றாள்.

"பையன் ஏத்தும்போது நீ எங்க இருந்த?"

"கதவைப் பிடிச்சிட்டு இருந்தேன். காத்துல அடிச்சு நிலைக்கண்ணாடி உடைஞ்சிடக்கூடாதுல்ல" என்று அம்மா கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். அலமாரியின் மேல்தட்டில் மஞ்சள் ரோல், வாங்கிய உறைகூடப் பிரிக்காமல், இட்டலிச் சட்டி அளவுக்குத் தடியாக உட்கார்ந்திருந்தது. அப்பா அதையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். உடையக்கூடிய பொருளைக் கையாள்வதில் எங்கள் வீட்டில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. அது அப்பாவுக்குத் தெரியும். எனக்குத்தான் இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

"தண்ணி தூக்க ஆள்?" என்றார் அப்பா கடைசியாக, பாதிக் குரலில்.

"நான் போய்க் கொஞ்ச நாள் இருக்கேன்" என்றாள் அத்தை. "ஏண்டி, நீ தண்ணி சோதிக்கிற ஆபீஸ்தானே போற? அங்க குளிக்கத் தண்ணி தாராளமா வருமா?"

மறுநாள் வேனில் மெத்தை போட்டுக் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், அத்தை முன்னால், நான் பின்னால் படுத்துக்கொண்டு. டாக்டர் சொன்னதைவிட அதிகத் தடவை அப்பா வண்டியை நிறுத்தினார். நிறுத்திய ஒவ்வொரு தடவையும் "சாமான் இறங்கட்டும்" என்று கதவைத் திறந்தார். நான் உருண்டு, காலை விட்டு, கையை ஊன்றி இறங்கி நடந்தேன். அவரும் இறங்கினார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"சீட்டா?" என்றேன்.

"சீட்டுதான்."

"நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல இருக்கிற சீட்டா?"

"பேசாம நட" என்றார்.

பச்சைக் கதவுக்கு முன்னால் அண்ணனும் பீரோவும் காத்திருந்தார்கள். உள்ளே என் கட்டில் அறைக்கு நட்டநடுவில் தீவு மாதிரி கிடந்தது. இரண்டு பக்கமும் லாரியே போகலாம், அவ்வளவு இடம். வேனில் இன்னும் அத்தையின் பெட்டி மட்டும் பாக்கி. உள்ளே என்ன வைத்திருந்தாளோ, நல்ல கனம். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முட்டியை மடக்காமல், இடுப்பிலிருந்து அப்படியே குனிந்து அதைப் பிடித்தார். எல்லாம் செய்யக்கூடாத முறை.

"முதலாளி, கையை எடுங்க!" என்று பீரோ ஓடிவந்தார்.

"ஏன்?"

"தனியாத் தொடக்கூடாது. ரூல் ரூல்தான். நீங்க போட்டதுதான்."

"பெட்டியில ஒண்ணும் ஒட்டலையே?"

"பெட்டியில இல்ல முதலாளி. உங்க முதுகுல ஒட்டியிருக்கு."

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சரியாக அந்த இடத்தில், சிவப்பு. கை எட்டவில்லை. இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். அண்ணன் சிரிப்பை அடக்கத் தெருவைப் பார்த்து நின்றுவிட்டான். பீரோ பெட்டியைத் தொடாமல் முதலாளியின் ஒரு தோளைப் பிடித்துக்கொண்டு, மறு தோளைப் பிடிக்க அத்தையைக் கூப்பிட்டார். சிவப்பு என்றால் இரண்டு பேர்.

"யாருடி இதை ஒட்டினது?" என்று அப்பா கத்தினார்.

நான் என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றில் அடித்துவிடக்கூடாதல்லவா.

"தெரியலப்பா" என்றேன். "மஞ்சள் தீந்து போச்சு."